வீக்கத்தைப் பார்த்துச் சிரித்தவர்

அந்தோணியின் போன் வந்தபோது நான் யாரோ ஒருவருடைய ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளணுக்களை எண்ணும் வேலை. பாதியில் விட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும் என்பதால் போனை எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தது. எடுத்தேன். "அண்ணே, ஜெயசீலி போயிட்டா" என்றார். பின்னால் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. அந்த ஸ்லைடை எண்ணி முடிக்க அன்று எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

ஜெயசீலி சிஸ்டர் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். நான் அதே கட்டடத்தில் லேப் டெக்னீஷியன். அவருடைய கட்டுப்போடும் அறைக்கும் என் லேபுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவர் வழியாக அவர் திட்டுவதும் சிரிப்பதும் எனக்கு நாள் முழுக்கக் கேட்கும். மரக்காணத்தைச் சுற்றி உப்பளத்தில் இறங்குகிற குடும்பங்களில் அவர் கையால் கட்டுப் போட்டுக்கொள்ளாத கால் குறைவு. பஸ் ஸ்டாண்டு பக்கம் அவருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்திருக்கிறார்கள். 'கருணையின் மறு உருவம்' என்று போட்டிருக்கிறது. சிஸ்டர் பார்த்திருந்தால், "கருணையெல்லாம் இருக்கட்டும், என் மூக்கை ஏம்பா இவ்ளோ பெருசா போட்டீங்க?" என்று கேட்டிருப்பார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் எப்படி இறந்தார் என்பதை மறைக்காமல் எழுதப் போகிறேன். அப்படிச் சொல்லச் சொன்னது சிஸ்டர்தான். சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது அவர் கணவர் அந்தோணி. இரண்டு பேருமே எனக்கு வேண்டியவர்கள். அதனால் இதை நான் நிம்மதியாக எழுதவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிஸ்டருக்கு ஒரு வினோதமான பழக்கம் இருந்தது. புண் பட்ட காலோடு யாராவது நொண்டிக்கொண்டு வந்தால், கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அட, நல்லா வீங்கியிருக்கே!" என்று முகம் மலரச் சொல்வார். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி வந்த பிள்ளையிடம் சொல்வதுபோல் இருக்கும். பலருக்கு இது பற்றிக்கொண்டு வரும். உப்பு வாரும் கஸ்தூரி முதல் முறை இதைக் கேட்டபோது போட்ட சத்தம் என் லேப் வரைக்கும் வந்தது.

"இன்னா சிஸ்டர், நான் வலியில சாவுறேன், நீ சிரிக்கிற?"

"சிரிக்காம? செவந்திருக்குது, சுடுது, வீங்கியிருக்குது. உன் ஒடம்பு முழிச்சிக்கிட்டு இருக்குதுன்னு அர்த்தம். செவக்கலைன்னாத்தான்டி நான் அழணும்."

அதோடு விடவில்லை. கஸ்தூரியைக் கைத்தாங்கலாக என் லேபுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவள் புண்ணிலிருந்து எடுத்த சீழை ஸ்லைடில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டச் சொன்னார். எனக்கு அன்று ஏகப்பட்ட வேலை. இருந்தாலும் சிஸ்டரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருக்க முடியாது.

கஸ்தூரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "பூச்சியாட்டம் இருக்குது" என்றாள்.

"பூச்சி அந்தப் பொடிப்பொடியா இருக்குதே, அது. பெருசா, நடுவுல துண்டுதுண்டா நீலம் தெரியுது பாரு, அதெல்லாம் உன் ஆளுங்க. கிருமியை முழுங்கிட்டு செத்துக் கெடக்கறாங்க. நீ சீழு சீழுன்னு மூஞ்சை சுளிக்கறியே, அது இவங்க பொணம்தான்."

கஸ்தூரி வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு கேட்டாள்: "இதுங்களுக்கு யாரு கூலி குடுக்கறது?"

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அன்று அது வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

சிஸ்டர் சொன்னதில் கதை எதுவும் இல்லை. தோல்தான் நமக்கு முதல் மதில். அது கிழிந்தால், அடியில் ஏற்கெனவே குடியிருக்கும் சில அணுக்கள் கிருமியைப் பார்த்த மாத்திரத்தில் கூச்சல் போடும். அந்தக் கூச்சலில் பக்கத்து ரத்தக் குழாய்கள் விரிந்து கசியும். சிவப்பும் சூடும் வீக்கமும் அதனால் வருவதுதான். குழாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்கள் அந்த இடத்தில் இறங்கிக் கிருமியை விழுங்கும். செய்தி மூளை வரைக்கும் போனால் உடம்பு தன் சூட்டை ஏற்றிக்கொள்ளும். அதுதான் காய்ச்சல். கிருமியின் அடையாளத்தைப் படித்து, அதற்கென்றே ஆயுதம் செய்துகொண்டு வரும் இன்னொரு படையும் உண்டு. அது தயாராகிக் கிளம்பப் பல நாள் ஆகும். அதுவரைக்கும் பிறக்கும்போதே கூட வந்த இந்தக் காவல்தான் தாக்குப்பிடிக்க வேண்டும். "வூட்டுக்குள்ள ஒருத்தன் ஏறிக் குதிச்சா, நீ யாரு எந்த ஊருன்னா கேட்டுக்கிட்டு நிப்பே? மொதல்ல கத்துவே இல்ல?" என்பார் சிஸ்டர். தடுப்பூசி முகாமிலும் இதையேதான் சொல்வார், பிரசவத்துக்கு வந்தவர்களிடமும் இதையேதான் சொல்வார்.

அந்தக் கத்தலின் வாயைப் பொத்துகிற ஒரு பொருள் எங்கள் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் கிடைக்கிறது. அதற்குப் பேர் செட்டு. உப்பளத்தில் வெயிலுக்கு முன்னால் இறங்கி, குனிந்தபடியே உப்பை வாரி, தலையில் சுமந்து கரையில் கொட்டுகிறவர்களுக்கு இடுப்பும் முட்டியும் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டீ குடிக்கிற இடத்திலேயே ஒரு காகிதப் பொட்டலம் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று, பொடிசாக வெள்ளை ஒன்று. சிவப்பும் மஞ்சளும் வலிக்கும் சத்துக்கும். அந்த வெள்ளைதான் ஸ்டீராய்டு. டாக்டர் பார்த்து அளவோடு கொடுத்தால் உயிர் காக்கிற மருந்து அது. பொட்டலத்தில் மடித்துத் தினம் தின்றால், உடம்பின் கூச்சல் அடங்கிப்போகும். வலி தெரியாது, வீக்கம் வராது, காய்ச்சலும் அடிக்காது. 'செட்டு போட்டா கால்ல புண்ணு இருக்கறதே தெரியாது' என்று அதை இங்கே பெருமையாகத்தான் சொல்வார்கள்.

சிஸ்டர் இதற்கு எதிராக வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினார். ஒருநாள் உப்பளத்துக் கரையில் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். துணைக்கு நானும் போயிருந்தேன். புண்ணை வாய்க்கால் தண்ணீரில் கழுவாதீர்கள், உப்பில் கிருமி இருக்காது என்று யார் சொன்னது, பாத்தியில் உப்பு பூக்கிற தண்ணீர் வேறு, கடலிலிருந்து உள்ளே வருகிற வாய்க்கால் தண்ணீர் வேறு, அதில் கிருமி சுகமாக வாழும் என்றார். தலையாட்டினார்கள். வெள்ளை மாத்திரையைப் பற்றிப் பேச்சு வந்ததும் கஸ்தூரி எழுந்து நின்றாள்.

"சிஸ்டர், காய்ச்சல் காவக்காரன்னு சொல்ற. சரி. காவக்காரன் வந்து நாலு நாளு படுக்க வச்சிட்டான்னா எனக்கு கூலி யாரு குடுப்பாங்க? நீ குடுப்பியா?"

அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போல் கேட்டாள். சிஸ்டர் கொண்டுவந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். திரும்பி வரும்போது என் வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "அவ கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல கதிரு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். யார் வந்தாலும் எங்கே வலி என்று கேட்பதற்கு முன்னால், "என்ன மாத்திரை போட்டே? சொல்லு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று கேட்க ஆரம்பித்தார். உண்மையும் வெளியே வர ஆரம்பித்தது. நெடுநாளாகத் தின்றவர்களை, சட்டென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்து என்று டாக்டரிடம் அனுப்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வைத்தார். எப்போதாவது போடுகிறவர்களிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார்: "கால்ல ரத்தம் பாத்தா, அன்னைக்கு வெள்ளையை மட்டும் எடுத்து வச்சிட்டு நேரா என்கிட்ட வா." கஸ்தூரியும் சத்தியம் செய்தாள். அதை அவள் காப்பாற்றுவாள் என்று நான் நம்பவில்லை.

இனி எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி. சிஸ்டருக்கே விரல் மூட்டுகளில் வலி இருந்தது. காலையில் மருந்துக் குப்பியின் கழுத்தை உடைக்க முடியாமல் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிடுவார். திடீரென்று ஒரு சமயம் கூப்பிடுவது நின்றுபோயிற்று. கை சரளமாக ஓடியது. முகமும் உருண்டு பளபளத்தது. "என்ன சிஸ்டர், வீட்ல விருந்தா?" என்று எங்கள் டாக்டரே கிண்டல் செய்தார். "அந்தோணி வஞ்சிர மீனா வாங்கிப் போடறாரு டாக்டர்" என்று சிரித்தார் சிஸ்டர். கேட்டு நாங்களும் சிரித்தோம்.

சென்ற மாதம் உப்பளத்துக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப் போனபோது, வாய்க்காலைத் தாண்டுகையில் சேற்றில் செருப்பு கழன்று, உடைந்த சிப்பி ஓடு பாதத்தைக் கிழித்தது. வந்ததும் சோப்புப் போட்டுச் சுத்தமாகக் கழுவி, முறையாகக் கட்டினார். அடுத்தடுத்த நாட்களில் நானும் பார்த்தேன். சிவக்கவில்லை. சுடவில்லை. காய்ச்சலும் இல்லை. "சமத்துப் புண்ணு" என்றார். மற்றவர்களின் புண்ணைப் பார்த்து அப்படி ஒருநாளும் அவர் சொன்னதில்லை. வேலைக்கும் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் காலையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கட்டைப் பிரித்தால் கணுக்காலுக்கு மேல் தோல் கருநீலமாக இருந்தது. பிரஷர் இறங்கிக்கொண்டே போயிற்று. ஆம்புலன்சில் புதுச்சேரிக்கு அந்தோணியும் நானும் கூடப் போனோம்.

அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே சிஸ்டர் சொன்னார்: "டாக்டர், நான் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடறேன். ரொம்ப நாளா. கடையில வாங்கினது."

அந்தோணி என்னைப் பார்த்தார். நான் அந்தோணியைப் பார்த்தேன். இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது: கை சரளமாக ஓடியதும் முகம் உருண்டதும் அந்த வெள்ளை மாத்திரையால்.

"ஏன் சிஸ்டர்?" என்று கேட்டேன். கத்திவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"விரல் மடங்கல கதிரு. ஊசி போட முடியாத நர்ஸை எத்தினி நாளு வச்சிருப்பாங்க? நான் பர்மனெண்டா என்ன? அடுத்த முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டாங்க." மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து, "கஸ்தூரிகிட்ட மொதல்ல சொல்லு. அப்புறம் எல்லார்கிட்டயும் சொல்லு. சிஸ்டரும் அதைத்தான் தின்னாங்கன்னு சொல்லு" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. பிறகு வாயில் குழாய் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் அங்கிருந்த பெரிய டாக்டர் எங்களுக்கு விளக்கினார். புண்ணில் இருந்தது மிதமான உப்புத் தண்ணீரில் வாழ்கிற கிருமி. இந்த மாத்திரையைத் தின்கிறவர்களின் ரத்தத்தை எண்ணிப் பார்த்தால் வெள்ளணுக்கள் நிறையவே இருக்கும். ஆனால் குழாயை விட்டு இறங்க வேண்டிய இடத்தில் இறங்காது. எனக்கு ஈசிஆரில் எங்கள் ஸ்டாப்பில் நிற்காமல் போகும் சென்னை பஸ்கள் ஞாபகத்துக்கு வந்தன. உள்ளே ஆள் நிறைய இருக்கும், ஒருவர்கூட இறங்கமாட்டார். யாரும் தடுக்காததால் கிருமி பெருகி ரத்தத்துக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு கூச்சல் காலில் மட்டும் இல்லாமல் உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டது. எல்லா ரத்தக் குழாய்களும் கசிந்தன. காலில் நடந்தால் காப்பாற்றுகிற அதே காரியம், உடம்பு முழுக்க நடந்தால் ஆளைக் கொன்றுவிடும். "அப்போ அவளைக் கொல்றது கிருமியா, அவ ஒடம்பா டாக்டர்?" என்று கேட்டார் அந்தோணி. "ரெண்டும்தான்" என்றார் டாக்டர். அந்தோணி அந்தப் பதிலோடுதான் மீதி நாட்களையெல்லாம் அந்த வராந்தாவில் உட்கார்ந்து கழித்தார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. உப்பளத்தில் அன்று யாரும் இறங்கவில்லை. எனக்குப் பின்னால் ஒரு பெரியவர், "அந்த வாய்க்கா தண்ணியில காலை வச்சிட்டு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் திரும்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அந்தோணி என் தோளைப் பிடித்துத் தனியாகக் கூட்டிப்போனார்.

"அண்ணே, அந்த மாத்திரை விஷயம் வெளிய வேணாம்ணே. ஊருக்கே புத்தி சொன்னவ இதைத் தின்னு செத்தான்னு பேசுவாங்க. அவ பேரு கெட்டுடும்."

சரி என்றேன். கல்லறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. பேசத்தான் பேசுவார்கள். பேசாமல் இருந்தால் கடைக்காரர் பொட்டலம் மடித்துக்கொண்டே இருப்பார். எனக்குச் சிஸ்டர்மேலும் கோபம் இருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன், முன்போலவே தட்டியிருக்கலாம். குப்பியை உடைத்துக் கொடுத்திருப்பேன், ஊசியும் போட்டிருப்பேன். கஸ்தூரியின் கேள்விக்குத் தன்னிடம் பதில் இல்லை என்று சொன்னவர், அதே கேள்வியோடு தனியாகப் போராடிக்கொண்டிருந்திருக்கிறார்.

எழுதியதை அந்தோணியிடம் எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினேன். மாத்திரையைப் பற்றிய இடம் வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். "அவளே சொல்லச் சொன்னாளாண்ணே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ அது இருக்கட்டும். ஆனா ஏன் தின்னான்னும் போட்டுடுங்க" என்றார். போட்டிருக்கிறேன்.

கஸ்தூரியிடம் நான் போய்ச் சொல்வதற்கு முன்னால் அவளே வந்துவிட்டாள். போன வாரம், காலையில், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். கட்டுப்போடும் அறையில் புது நர்ஸ் இன்னும் வந்து சேரவில்லை. என் ஸ்டூலில் உட்காரவைத்துச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தேன். பாதம் பலாப்பழம்போல் இருந்தது. சிவந்து, பளபளத்து, தொடாமலே சூடு தெரிந்தது.

"என்ன மாத்திரை போட்டே? சொல்லு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவள் இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். உள்ளே பொடிப்பொடியாக வெள்ளை மாத்திரைகள் மட்டும் இருந்தன. "சத்தியம் பண்ணேன் இல்ல?" என்றாள். "இந்த வாரம் பூராவும் கூலி போச்சு. அதையும் எழுதிக்க."

அப்போது சிஸ்டர் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அந்தக் காகிதத்தில் இருந்ததைத்தான் அவரும் தின்றார் என்றேன், ஏன் என்றும் சொன்னேன். கஸ்தூரி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவில்லை. "சிஸ்டருக்கும் எங்க கதிதானா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜெயசீலி சிஸ்டரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பவை இரண்டு. எதற்கும் முன்னால் கேட்கிற அந்தக் கேள்வி ஒன்று. வீங்கிய காலைப் பார்த்தால் சொல்ல வேண்டிய அந்த வார்த்தை இன்னொன்று. கூலிக்கு யார் பதில் சொல்வது என்பது எனக்கு இன்னும் தெரியாது. அதை அவர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போகவில்லை, தீராமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

கையுறையை மாட்டிக்கொண்டு அந்தப் பாதத்தைக் கையில் எடுத்தேன்.

"அட, நல்லா வீங்கியிருக்கே!" என்றேன்.

கஸ்தூரி நிமிர்ந்து பார்த்தாள். இந்த முறை சத்தம் போடவில்லை. மைக்ராஸ்கோப் பக்கம் கையைக் காட்டி, "என் ஆளுங்க எறங்கிட்டாங்களான்னு பாருண்ணே" என்றாள்.

சீழைத் தடவி, சாயம் ஏற்றி, காயவைத்துப் பார்த்தேன். இறங்கியிருந்தார்கள். எண்ண முடியாத அளவுக்கு இறங்கியிருந்தார்கள்.